அக்கா நேர்ந்துவிட்ட வயிறு

நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். இது திருச்சபைச் சட்டத்தில் உள்ள விதி. கடவுளுக்கு வாக்குக் கொடுத்தவர்தான் அதை நிறைவேற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல, உடன்பிறந்த தம்பியும் அல்ல. வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்து, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்ற எனக்கு எத்தனையோ விதிகள் மனப்பாடம். இந்த ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் ஒரு இலைச் சோறு என்னைக் கொல்லப் பார்த்திருக்காது.

என் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையாருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என்னைச் சுற்றியிருந்த மனிதர்கள் செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அவர் எதிலிருந்து காப்பாற்றினார் என்பது விளங்காது.

பணியில் இருந்தபோது நான் பெரிய உடம்புக்காரன். நான் ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாயும். விருந்து வீடுகளில் எனக்கென்று தனியாகச் சோறு ஒதுக்கி வைப்பார்கள். அந்த வயிற்றிலேயே புண் வந்தது. பல வருடம் மாத்திரையால் ஒப்பேற்றினேன். 1987 தொடக்கத்தில் காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே திரும்பி வந்தது. பிப்ரவரியில் மதுரையில் அறுவைச் சிகிச்சை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைத்துத் தைத்தார்கள்.

"இனிமே உங்க வயிறு தேங்காச் சிரட்டை அளவுதான் சார்" என்றார் டாக்டர். "கொஞ்சங் கொஞ்சமா, நாளைக்கு ஆறு தடவை. சாப்பிடும்போது தண்ணி கூடாது. இனிப்பு கூடவே கூடாது. மீறினா சாப்பாடு நேரா குடல்ல போய் விழும். வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடங்கும், மயக்கம் வரும்."

தெளிவான உத்தரவு. நான் கீழ்ப்படியத் தயாராக இருந்தேன். ஆனால் கதவுக்கு வெளியே, எனக்குத் தெரியாமல், வேறொரு உத்தரவு பிறந்திருந்தது. என் அக்கா ரோசம்மாள், குஜிலியம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு நேர்ந்திருக்கிறாள்: "அந்தோணியாரே, என் தம்பி உசுரோட வந்தா, ஒம்ம திருநாள் அசனத்துல முதப் பந்தியில அவன உக்கார வக்கிறேன். பழையபடி ஒரு பருக்கை மிச்சமில்லாம வயிறாரத் திம்பான்."

ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், கோழியை நேர்ந்துவிடுவார்கள். அவள் என் வயிற்றை நேர்ந்துவிட்டாள். அதே நேரத்தில் உள்ளே அதை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பினேன். அரை இட்லியைப் பிசைந்து தின்பதற்குள் மூச்சு வாங்கியது. உடம்பு உருகியது. பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், "இப்பதான் சார் நீங்க மனுச சைஸ்ல இருக்கீங்க" என்றார். அக்கா புருஷன் அருளப்பன் மச்சான் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "மாப்ள, ஒன் சட்டைக்குள்ள ஒன்னையே மடிச்சு வைக்கலாம் போலருக்கே" என்றார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தே சொன்னார்.

ஜூன் 13, அந்தோணியார் திருநாள். அக்கா ஊர்ச் சிற்றாலயத்தில் அசனம், அதாவது ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. புனிதருக்குப் படைத்து மந்திரித்த சாப்பாடு. இலையில் மிச்சம் வைக்கக் கூடாது, "போதும்" என்று கை மறிக்கக் கூடாது. நேர்ச்சைக்காரன் இலையென்றால் மூடும் முன் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். நான் மறுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"டாக்டரா ஒன்னயக் காப்பாத்துனாரு?" என்றாள் அக்கா. "அந்தோணியாருக்குக் குடுத்த வாக்கு பொய்யாப் போனா, குடுத்த உசுர அவரு திருப்பிக் கேப்பாரு. ஒன்னய விட்டுட்டு என் பேரப்புள்ளைய எடுத்துக்கிட்டா?" அந்த வாரம் அவள் பேரனுக்குக் காய்ச்சல். ஊரே என்னைப் பார்த்தது. ஒரு இலைச் சோற்றுக்குப் பயந்து ஒரு குழந்தையைக் கொல்லப்போகிறவனைப் பார்ப்பது போல.

உட்கார்ந்தேன். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், பாயசம். அக்கா இலைக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள். தின்றேன். பாதியிலேயே நெஞ்சுக்குழி கல்லானது. பாயசம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது, கைகால் உதறியது, கண் செருகியது.

டாக்டர் சொன்னது வரிக்கு வரி நடந்தது. ஆனால் அது அந்தோணியார் கோயில். அங்கே ஒருவன் வேர்த்து, உதறி, கண் செருகினால் ஊருக்கு ஒரே பொருள்தான்.

"பேய் கெளம்புதுடா! அதான் அம்புட்டுத் தின்னுருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு குடம் தண்ணீர் என் தலையில் விழுந்தது. முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். "சொல்லு! ஆரு நீ? எந்த ஊரு?"

சாகும் நேரத்திலும் கேள்விக்குப் பதில் சொல்வது என் பழக்கம். "சவரிமுத்து, துணைத் தாசில்தார், ஓய்வு" என்று முனகினேன்.

"ஏலே, பேயி கவருமெண்டு உத்தியோகம் பாத்துருக்குடா!" என்றது கூட்டம். "ரிட்டயராயும் போக மாட்டேங்குதே!" கன்னத்தில் ஒரு அறை. மச்சான் குரல் கேட்டது: "பென்சன் வர்ற வரைக்கும் எறங்காது, நல்லாப் போடுங்கப்பா."

என் மனைவி செசிலிதான் ஓடிவந்து என் மேல் விழுந்து மறைத்தாள். தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. அவள் கத்திய கத்தலில் ஒரு வேன் பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தேன்.

அக்கா வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "எல்லாத்தையும் கக்கிட்டியே. அது கணக்குல சேத்தி இல்ல. அடுத்த வருசம் தீத்துப்புடலாம்" என்றாள்.

அன்றிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. சோற்றைக் கண்டாலே வேர்த்தது. வாயில் வைத்தால் தொண்டை மூடிக்கொண்டது. கஞ்சித் தண்ணீரில் நாள் கழிந்தது. பசி என்ற ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோனது. டாக்டர் சோதித்துவிட்டு, "வயிறு நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் அதுக்கு வேலை குடுக்க மாட்டேங்கிறீங்க. இப்படியே போனா தாங்காது" என்றார்.

வேறு வழி தெரியாமல் சட்டத்திடம் போனேன். எங்கள் கோயில் பங்குச்சாமி இளைஞர், படித்தவர். புத்தகத்தை எடுத்து நான் மேலே எழுதிய விதியைக் காட்டினார். அக்காவை வரவழைத்து, "அம்மா, இந்த நேர்ச்சை உங்க தம்பியக் கட்டாது. வேணும்னா நானே உங்களையும் இதுலேர்ந்து விடுவிக்கலாம்" என்றார்.

"நீங்க சின்னவுக சாமி. நான் வாக்குக் குடுத்தது பெரியவருக்கு" என்றாள் அக்கா. ஆயரே எழுதித் தந்தால் யோசிப்பதாகச் சொன்னாள். ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். சுருக்கம், விவரம், கோரிக்கை, எல்லாம் முறைப்படி. காத்திருந்தேன். காத்திருக்கையில் எழுந்து நிற்கும் பலமும் போனது.

அக்டோபரில் ஒரு மத்தியானம். செசிலி பிசைந்து வைத்த இட்லி தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அடுப்படியில் அடக்கிக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது. நான் வாழ்நாளெல்லாம் செபத்தையும் மனு எழுதுவது போலவே சொல்லிப் பழகியவன். அன்று ஒரு வாசகமும் வரவில்லை. "ஆண்டவரே, என்னால் சாப்பிட முடியவில்லை. சாகப் பயமாக இருக்கிறது. பசியைக் கொடும்" என்றேன். அவ்வளவுதான். அழுதேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, முதல் பேருந்தில் அக்கா வந்தாள். கையில் அடுக்குத் தூக்கு. கூடத்தில் இலையைப் போட்டாள். இங்கேயே தீர்த்துவிட வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இலைக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள்.

"செசிலி, பரிமாறு. நான் போதும்னு சொல்ல மாட்டேன், நீயும் நிறுத்தாத."

"என்னக்கா இது?" என்றேன்.

"நேத்து பீடத்துக்கு முன்னால முழங்கால்ல நின்னேன். 'ஏண்டி, வாயத் தொறந்தது நீயி, வயித்தக் காட்ட அவனா?'ன்னு கேட்டாப்புல இருந்துச்சு."

"யார் கேட்டது?"

"அவருதான். இந்த வயசுல வேற ஆரு என்னைய ஏண்டிங்குறது?"

சட்டப் புத்தகத்தைக் காட்டியும் கேட்காதவள் அவள். அந்த விதியையே, ஒரு சொல்லும் படிக்காமல், தன் வாயால் சொன்னாள். இடையில் ஒருவரும் அவளிடம் போய்ப் பேசவில்லை. செசிலியிடமும் பங்குச்சாமியிடமும் விசாரித்துவிட்டேன்.

அக்கா தின்றாள். எங்கள் வீட்டில் பெண்களுக்குக் கடைசிப் பந்தி, அதுவும் அடுப்படியில், நின்றபடி. அவள் ஒரு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒல்லியான மனுஷி, அறுபது தாண்டியவள். கறிக்குழம்பு முடியும்போதே திணறினாள். நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, ஏப்பம் விட்டு ஏப்பம் விட்டு, உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டாள். எனக்குச் செய்ததை அவள் தனக்குச் செய்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ரசம் ஊற்றினாள் செசிலி. அந்த வாசனையில் என் வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. வலி என்று நினைத்தேன். மறுபடி கிள்ளியது. வாயில் எச்சில் ஊறியது. பசி.

"அக்கா, அதில் ஒரு வாய் கொடு" என்றேன்.

"கைய எடு! ஒனக்குக் குடுத்தா என் நேர்ச்சை கெட்டுப்போகும். செத்த நேரம் சும்மா கெட."

பசித்தவனை உட்கார வைத்து, கடைசிப் பருக்கை வரை அவளே தின்றாள். பாயசத்தை வழித்தாள். இலையை மூடினாள். பிறகுதான் செசிலி சிரட்டை அளவு ரசஞ்சோறு பிசைந்து தந்தாள். மெதுவாகத் தின்றேன். வேர்க்கும் என்று காத்திருந்தேன். வேர்க்கவில்லை. உள்ளே தங்கியது. பக்கத்தில் அக்கா எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். "அந்தோணியாரே, தீந்துச்சு" என்று முனகினாள்.

இன்று ஆறு வேளை சாப்பிடுகிறேன், சிரட்டை அளவு. எலும்பின் மேல் சதை ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறை பசிக்கும்போதும் முதலில் நன்றி சொல்கிறேன். பிறகுதான் தட்டை எடுக்கிறேன். செபத்தில் வாசகம் அமைப்பதை விட்டுவிட்டேன். சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை உங்கள் வாயாலேயே அவரிடம் கேளுங்கள். நன்றாகச் சொல்லத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். அவர் கேட்கிறார். உங்களைப் பாடாய்ப் படுத்துகிறவர்களைக் கொண்டேகூட அவர் உதவி அனுப்புவார், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் இல்லத்திலிருந்து பிற்பாடு கடிதம் வந்தது. அன்பான கடிதம்தான். ஆனால் எனக்கு வர வேண்டிய பதில் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது: 1987 அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை.