ஈயம் அடைத்த துளை

கருகல் நாற்றத்தில்தான் கண் விழித்தேன். நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்வது என் வேலை. போர்டு கருகினால் தூக்கத்திலும் எனக்குத் தெரிந்துவிடும்.

கூடத்தில் என் கணவர் கையில், ஈயத்தை உருக்கி ஒட்டும் என் சால்டரிங் அயர்ன். என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். அவருடைய காற்று மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பு தரையில் பிரிந்து கிடந்தது. மெத்தை பாதி இறங்கிவிட்டது. முழுதும் இறங்கினால் முதுகு புண்ணாகிவிடும். ஒருமுறை அப்படி ஆகி நாங்கள் பட்ட பாடு போதும்.

பம்பின் போர்டில் உப்பியிருந்த கெப்பாசிட்டரைச் சரியாகத்தான் கண்டுபிடித்துப் பிடுங்கியிருந்தார். ஆனால் இரண்டு துளைகளிலும் ஈயம் உறைந்துவிட்டதால் புதியதன் கால் நுழையவில்லை. சூடு காட்டிவிட்டு என் புடவை ஊக்கால் குத்தியிருக்கிறார். ஒரு துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையமே பெயர்ந்து வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டியிருப்பார்கள். எனக்கா வாய் சும்மா இருக்கும்? பஸ் ஓட்டுகிறவருக்கு இந்த வேலை எதற்கு, என்னை எழுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று பிடித்துக்கொண்டேன். மனிதர் அயர்னை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொரு துளை அடம்பிடித்தது. அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருந்ததால் சூடு அங்கே நிற்கவில்லை. அதன்மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கினேன்.

"இருக்கிறதே வரல, மேல இன்னும் ஊத்துறியே," என்றார் பயந்துபோய்.

புதியது கலந்தால்தான் பழையது இளகும். போர்டை அவர் பிடித்துக்கொள்ள, ஒரு பக்கம் சூடு காட்டி மறுபக்கம் ஈயம் உறிஞ்சும் குழலை வைத்து இழுத்தேன். தூக்கிப் பார்த்தால் துளை வழியே ட்யூப்லைட் தெரிந்தது. புதிய கெப்பாசிட்டரைச் செருகி, வளையம் பெயர்ந்த இடத்துக்கு ஒரு மெல்லிய ஒயரை இழுத்து ஒட்டினேன்.

பம்பு முனகியது. மெத்தை மெல்ல மேலே வந்தது. நான் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினேன்.

"அவன இன்னாத்துக்குத் திட்டிக்கினே கீற?" என்றார் மாமியார். "நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு இப்பத்தான் கண்ண மூடுச்சு, எழுப்பாத, நான் பொறுத்துக்கறேன்னு."

அந்த முதுகை வைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாராம். அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாமியாரின் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டேன். மத்தியானம் வரை யாரும் என்னை எழுப்பவில்லை.