மருத்துவிச்சி கழற்றச் சொன்ன மல்லிகைச் சரம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி நெடிய, கறுத்த மனுசி. கையில் எப்போதும் ஓர் ஆம்பிளைக் குடை இருக்கும். வெயிலோ மழையோ, அதை விரித்து நான் கண்டதில்லை. வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "ஆக்கள் மறைக்கிறதை வீட்டு மணம் சொல்லிப்போடும்" என்பார்.

என் மூத்தவன் பிறந்த புதிதில் பால் கட்டி மார்பு கல்லாய் நொந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினேன். என்ன குளிர்ச்சி, என்ன வாசம். நோவு போனது. இரண்டு நாளில் பாலும் போனது. பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டாம் உலக யுத்த காலம், டின்பாலும் கிடைக்காது.

அன்று வந்த மருத்துவிச்சிக்கு வாசலிலேயே முகம் மாறியது.

"ஆரடி பூக் கட்டினது?"

"நான்தான் அக்கா. நோவுக்கு."

"பிள்ளை செத்த தாய்க்குத்தான் இதைக் கட்டுறது, பால் வத்த. கழட்டு. அவன் சப்பச் சப்பத்தான் பால் ஊறும். தலையில வைக்கிறதைத் தலையில வை."

மூன்றாம் நாள் அவன் வாயோரம் பால் வழிந்தது. சந்தோசத்தில் புதுச் சரம் ஒன்றை அவர் கொண்டையில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம் பிள்ளை. எனக்கும் ஒருக்கா நெஞ்சில கட்டினவை. அதுக்குப் பிறகு இந்த மணம் ஒத்துக்கொள்ளாது."

என் நாலு பிள்ளைப் பேற்றையும் அவர்தான் பார்த்தார். நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் வரும் நாளில் மட்டும் என் தலையில் பூ இருக்காது.