பொம்மிக்காக யார் அமுக்குவது

பொம்மி, நீ போன செய்தி எனக்குப் பீடோங் சந்தையில் வந்தது. உனக்குச் சமைக்கப் பீர்க்கங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தாதி போனில், "பரமேஸ்வரியோட அக்காவா?" என்றார். உன்னை யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தேன். அந்த ஒரு நொடிதான். காயை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

சுங்கை பட்டாணி டயாலிசிஸ் சென்டரில் அவளோடு கிடந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. என் தங்கையைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அவளுக்குத் தண்ணீர் கட்டுப்பாடு. தாகம் எடுத்தால் ஓர் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருப்பாள். ஐஸ் கரைந்ததும் பேச்சு தொடங்கிவிடும். அந்தக் குளிர் அறையில் போர்வைக்குள்ளிருந்து வரும் அவள் குரலுக்காகவே சிலர் தூங்காமல் இருப்பீர்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தர்ஷினி என்ற பெண், சிறுநீரக நோயாளிகளைப் பற்றிய ஆய்வு என்று நம் எல்லோருடைய போனுக்கும் கேள்விகளை அனுப்பியது நினைவிருக்கும். முதல் பக்கத்தில் ஏதேதோ எழுதி, கீழே 'சம்மதம்' என்று இருந்தது. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. அதனால் நம் சென்டரில் போன் எப்போதும் துணைக்கு வந்தவர்கள் கையில்தான். பக்கத்து நாற்காலி ராஜம்மாவின் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன் மளமளவென்று அமுக்கிக்கொண்டே போனார்.

"என்னாண்ணே, படிச்சீங்களா?" என்றாள் பொம்மி.

"எதுக்கு? எல்லாத்துக்கும் சம்மதம்தான். ராஜம்மாவுக்கும் சேத்து முடிச்சிட்டேன் லா."

"நோவு அவங்களுக்கா, உங்களுக்கா?"

"அவ கையிதான் மெஷின்ல கெடக்கே."

"கையிதானே கெடக்கு? வாயி சும்மாதானே இருக்கு! கேட்டுட்டு அமுக்குங்கண்ணே."

அறையே சிரித்தது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. பொம்மி சிரிக்கவில்லை. அங்கேயே என்னைத் தர்ஷினிக்குப் போன் போடச் சொன்னாள்.

"ஏம்மா, வேணாம்னு சொன்னா எங்க மெஷின் டர்ன் நேரத்த மாத்திருவாங்களா?"

"ஐயோ, இல்ல ஆண்ட்டி. சென்டருக்குத் தெரியவே தெரியாது. பாதியில வேணாம்னாலும் நிறுத்திக்கலாம்."

"அத எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லு. பாதிப் பேரு அந்தப் பயத்துலதான் அமுக்கியிருக்காங்க."

அடுத்த முறை தர்ஷினி அந்தப் பக்கம் முழுவதையும் தமிழில் பேசி அனுப்பியிருந்தாள். போனைச் சத்தமாக வைத்து எல்லோரும் கேட்டோம். முடிந்ததும், எப்போதும் வாய் திறக்காத ராஜம்மா, "எனக்கு வேணாம். என் நோவ ஊருக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.  தான் போட்ட பதிலை அழித்துவிடும்படி மாணிக்கம் அண்ணனே தர்ஷினியிடம் போனில் சொன்னார்.

பொம்மி சம்மதித்தாள். "நம்ம என்னா படுறோம்னு ஒருத்தருக்காச்சும் தெரியட்டும்" என்றாள். அவள் கேட்டுக் கேட்டுச் சொல்ல, நான் அமுக்கினேன். கடைசிக் கேள்வி, உங்களுக்கு எதை நினைத்தால் பயம் என்பது. அதற்குப் பேசியே பதில் சொல்லலாம்; பேசியதை ஆய்வில் சேர்த்துக்கொள்ளக் கடைசியில் இன்னொரு முறை அமுக்க வேண்டும். "அக்கா, நீ கொஞ்சம் வெளியில நில்லு" என்றாள். மறு கையில் போனை வாயருகே பிடித்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காதபடி அவள் வாய் அசைவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே போனபோது அவள் கண் சிவந்திருந்தது. "இதச் சேத்துக்கலாமான்னு யோசிச்சு அடுத்த வாட்டி சொல்றேன்" என்றாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது; அடுத்த முறை அந்த நாற்காலிக்கு அவள் வரவில்லை.

அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டும்போது, "பச்சையக் கட்டவா பொம்மி?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், ஒருத்தருக்கு ஒன்று செய்யுமுன் அவரையே கேட்பது. யாரைக் கேட்பது என்று இப்போது தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு தர்ஷினி போன் செய்தாள். 

"ஆண்ட்டி, அவங்க பேசினது என்கிட்ட வந்திருக்கு. ஆனா சேத்துக்கலாம்னு கடைசியில அமுக்கல. அதனால நான் இன்னும் அதப் போட்டுக் கேக்கல. நீங்க சொன்னா சேத்துக்குறேன். இல்லன்னா அழிச்சிடுறேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே இருக்கிறேன். அழித்தால் அவள் கடைசியாகப் பேசியது போய்விடும். இருக்கட்டும் என்றால், ராஜம்மாவுக்காக மாணிக்கம் அண்ணன் அமுக்கியதைத்தானே நானும் செய்கிறேன்?

பொம்மி, என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினாயே, அது இருக்கட்டுமா, போகட்டுமா?