பூண் கழற்றிய உலக்கை

எனக்குப் பொறுமை கிடையாது. கட்டட வேலையில் பொறுமையாக இருந்தால் கம்பி கட்டுபவர் முதல் பெயின்ட் அடிப்பவர் வரை எல்லாரும் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். சிவகாசியில் இத்தனை வருடம் நான் இன்ஜினியராகக் காலம் தள்ளியது படிப்பால் பாதி, வாயால் பாதி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒருவர்மேல் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை "தெரியலை" என்பதுதான்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது. அதன் முதலாளியை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வேலை செய்கிறவர்கள் வேப்பமரத்தடியில் பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டிக் கொடுக்கலாம் என்று அவராகவே என்னைக் கூப்பிட்டார். ஆலை வாசலுக்கும் முதல் வேலை அறைக்கும் நடுவில் கரிசல் தரை ஒன்று சும்மா கிடந்தது. பங்குனிப் பொங்கலுக்கு ஆலை மூடும். அதற்கு முன்பே அறைகளிலிருந்து மருந்தைக் காலி செய்துவிடுவார்கள். பட்டாசுக் கலவையை எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த லீவுக்குள் ஜேசிபியை உள்ளே விட்டு அஸ்திவாரம் தோண்டிவிட வேண்டும். ஜேசிபி என் தம்பியுடையது, ஓட்டுவதும் அவன்தான்.

அந்த ஆலையில் மூடிய கிணறு ஒன்று உண்டு. தண்ணீர் வற்றிய பிறகு, அண்ணாச்சியின் அப்பா நிர்வாகம் செய்த நாளில், கூட்டிப் பெருக்கிய மருந்துக் கழிவையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் லைசென்ஸ் போய்விடும். கிணறு நிரம்பியதும் மேலே மண்ணைப் போட்டு மூடி, அடையாளத்துக்கு ஒரு கல்லை நட்டார்கள். வாசலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அந்தக் கல் மஞ்சள் பூசி நிற்கும். வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அடியில் என்ன கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஜேசிபியின் இரும்புப் பல் அதில் உரசினால் என்ன ஆகும் என்றும் தெரியும். நானும் பிளான் போடும்போதே கூடத்தைக் கல்லிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போட்டிருந்தேன்.

என் கவலையெல்லாம் கரிசலைப் பற்றித்தான். மழை பெய்தால் உப்பும், வெயில் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அடியில் கெட்டியான சுக்கான் பாறை எந்த ஆழத்தில் கிடைக்கும் என்று தெரியாமல் அஸ்திவாரம் போட்டால், கூடத்தின் சுவரும் தரையைப் போலவே வெடிக்கும். வழக்கமாக நான் துளை போடும் மெஷினைக் கொண்டுவந்து பார்ப்பேன். ஆலையின் போர்மேன் கையை விரித்துவிட்டார். "வேலை நடக்கையில உள்ள மிஷின் ஓடக்கூடாதும்மா. லீவுல வேணா ஓட்டிக்கோங்க." லீவில் துளை போட்டுக்கொண்டிருந்தால் எப்போது தோண்டுவது? அதனால் தோண்டாமலே நிலத்தடியைப் பார்த்துச் சொல்கிறவர் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தேன்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நடையும் மெதுவு, பேச்சும் மெதுவு. ஜீப்பிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். முதல் பெட்டி தரைக்குள் மின்சாரம் விட்டுப் பார்ப்பதற்கு. கரன்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே போர்மேன் அதை மறுபடி ஜீப்பில் ஏற்றச் சொன்னார். இரண்டாவது பெட்டி அதிர்வை வைத்துப் பார்ப்பது. ஒரு முனையில் இரும்புத் தகட்டைப் போட்டுச் சம்மட்டியால் அடிப்பார்கள். வரிசையாகத் தரையில் குத்தி வைத்த ஜியோபோன்கள் அந்த அதிர்வு வந்து சேரும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். கெட்டியான தரையில் அதிர்வு விரைந்து ஓடும், இளகிய மண்ணில் தாமதமாக வரும். என் தம்பி ஜியோபோன்களுக்குக் காது என்று பெயர் வைத்துவிட்டான்.

"இரும்பை இரும்பால அடிக்கிறதா? நல்லாக் கேட்டீக" என்று போர்மேன் சிரித்தார். பொறி பறந்துவிடக்கூடாது என்று அந்த ஆலைக்குள் கூட்டுமாறின் கம்பிக் கட்டைக்கூட அவிழ்த்துவிட்டு நூலால் கட்டியிருப்பார்கள். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

நானாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை போட்டிருப்பேன். மதுரைக்காரரோ, போர்மேன் சொன்னது சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இங்க உலக்கை கிடைக்குமா?" என்று கேட்டார்.

ஊருக்குள் போய் ஒரு வீட்டில் உலக்கையை இரவல் வாங்கி வந்தோம். அதன் அடியில் இரும்புப் பூண் இருந்தது. "பூணைக் கழட்டிட்டு உள்ள கொண்டாங்க" என்றார் போர்மேன். தம்பி வெளியே ரோட்டில் உட்கார்ந்து தட்டித் தட்டிக் கழற்றினான். இரும்புத் தகட்டுக்குப் பதில் தடித்த வேப்பம்பலகை. அதிர்வைப் பதியும் மெஷினும் லேப்டாப்பும் சுவருக்கு வெளியே ஜீப்பிலேயே இருந்தன. அங்கிருந்து சுவரைத் தாண்டி ஒயர் உள்ளே வந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தன் தொழிலை அந்த மனிதர் ஆலைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் உலக்கை அடிக்குப் பலம் போதவில்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லி ஒவ்வொரு அடியின் பதிவையும் முந்தையதோடு கூட்டிக்கொண்டே போனார். அடியின் அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் வரும், அதனால் கூடக்கூடப் பெருகும். காற்று, மரம் ஆடுவது, யாரோ நடப்பது எல்லாம் முன்னே பின்னே வருவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. பக்கத்தில் லோடு ஏற்றும் வண்டி வந்தால் மட்டும் எல்லாம் பாழ். அதனால் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தோம்.

அன்றைக்கு அந்த ஆலையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் எங்களுக்காக அசையாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போர்மேன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மெதுவாக நடப்பதும், பாத்திரத்தைத் தரையில் உரசாமல் வைப்பதும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அன்றாடம் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஓர் அம்மாள் மட்டும் என் தம்பி உலக்கை பிடித்த அழகைப் பார்த்துவிட்டு, "ஏலே, மாவு சலிக்க நாங்க வரணுமா?" என்று கேட்டார். சிரிப்பைக்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஜீப்பில் மதுரைக்காரர் கையைத் தூக்குவார். வாசலில் நிற்கும் நான் அதைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். உள்ளே தம்பி உலக்கையைப் போடுவான். ஒரு முனையில் அடித்து முடித்தோம். மறுமுனையிலும் அடித்து முடித்தோம். கடைசியாக வரிசையின் நடுவில் அடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். தம்பி பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் போட்டு, உலக்கையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் ஜீப்பைப் பார்த்தேன்.

அவர் கையைத் தூக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பிலிருந்து குதித்து, என்னைத் தாண்டி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். தம்பியின் கையிலிருந்த உலக்கையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "நடுவுல அடிக்க வேண்டாம். வெளிய வாங்க" என்றார்.

என்னவென்று கேட்டேன்.

"தெரியலை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரியாதுன்னு சொல்றதுக்கா மதுரையில இருந்து வந்தீக?"

அவர் கோபப்படவில்லை. திரையைக் காட்டி விளக்கினார். முதல் முனையில் அடித்தபோது நடுவிலிருந்த சில காதுகளுக்கு அதிர்வு தாமதமாக வந்திருந்தது. எதிர்முனையில் அடித்தபோதும் அதே காதுகளுக்குத்தான் தாமதம். அப்படியானால் கோளாறு காதில் இல்லை, அவற்றுக்கு அடியில் இருக்கிறது. "தோண்டி நிரப்பின எடமா இருக்கலாம். எதைப் போட்டு நிரப்பினாங்கன்னு இதுல தெரியாது. தெரியாத எடத்துல இடிக்கக்கூடாது."

அது நான் போட்ட கூடத்தின் நட்டநடு. தம்பி ஜேசிபியோடு முதலில் இறங்க வேண்டிய இடம்.

அண்ணாச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "சார், இங்கன இருக்கது ஒரே கெணறு. அது வெளிய கல்லுக்கு அடியில இருக்கு. நாங்க தினம் கும்பிட்டுட்டுல்ல வாறோம்? பொங்கல் லீவு போச்சுன்னா அப்பொறம் ஆர்டர் வந்துரும், கட்ட முடியாது. நீங்க சொல்றதுக்கு நான் என்ன செய்ய?"

"கிணறுன்னு நான் சொல்லலையே" என்றார் அவர். பிறகு ஓர் அனுமதி கேட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், முதல் வரிசைக்குக் குறுக்கே ஒரு வரிசை பார்க்க வேண்டும். கூடவே வாசல் கல்லை ஒட்டியும் ஒரு வரிசை. அண்ணாச்சிக்கு அது எதற்கு என்று புரியவில்லை. சத்தியமாக எனக்கும் புரியவில்லை. சாமி கும்பிடும் இடத்தில் காதுகளைக் குத்துவதா என்று போர்மேன் தயங்கினார். மதுரைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அதிலிருந்து ஒரு சாண் தள்ளி முதல் காதைக் கையாலேயே அழுத்திக் குத்தினார்.

மறுநாள் எல்லாரும் மறுபடி அசையாமல் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை கேலி இல்லை. குறுக்கு வரிசையிலும் அதே இடத்தில் அதே தாமதம். கல்லுக்குப் பக்கத்தில் வைத்த வரிசையில் எந்தத் தாமதமும் இல்லை.

"உறுதியா ஒண்ணு சொல்றேன்" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். வந்ததிலிருந்து அவர் வாயில் உறுதி என்ற சொல்லை நான் அப்போதுதான் கேட்டேன். "இந்தக் கல்லுக்கு அடியில கிணறு இல்லை. இது யாரும் தோண்டாத மண்ணு."

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார்.

"நான் காலேஜ் முடிச்சிட்டு வந்த வருசம்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "கல்லு உள்ளதான் இருந்துச்சு. மஞ்சளைப் பூசி, பூவைப் போட்டு, கடைசியில சூடம் பொருத்த ஆரம்பிச்சுட்டாக. ஆலைக்குள்ள நெருப்பான்னு எங்கப்பா சத்தம் போட்டாக. சாமியை வேண்டாம்னு சொல்ல முடியுமா? நல்ல நாள் பாத்து, ஆள விட்டுத் தூக்கி, நான்தான் கேட்டுக்கு வெளிய கொண்டாந்து வச்சேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கும்பிட்டுக் கும்பிட்டு, கெணறே இங்கன இருக்கதா எனக்கும் ஆயிப்போச்சு."

நெருப்புக்குப் பயந்து நகர்த்திய கல் எங்களை நேராக மருந்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் உலக்கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பொங்கல் லீவில் ஜேசிபி போகவில்லை. வெடிபொருள் பற்றித் தெரிந்த அதிகாரிகளை வரவழைத்தோம். அவர்கள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மரக்கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அள்ளினார்கள். மேல் மண்ணை எடுத்ததும் கிணற்றின் விளிம்புக் கல் தெரிந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மருந்து, திரி, கிழிந்த காகிதக் குழாய்கள். அத்தனை வருடம் ஆகியும் கீழ்ப்பகுதி உலர்ந்தே இருந்தது என்று சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தை வேறு பக்கத்தில் கட்டினேன். இப்போது எல்லாரும் நிழலில் சாப்பிடுகிறார்கள்.

கிணறுதான், மருந்துதான் என்று மதுரைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான்கு வார்த்தை பெருமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எந்த ஆழத்தில் மருந்து ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன். "நான் நெனச்சதைவிட மேலயே இருந்திருக்கே" என்று வருத்தப்பட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய கையோடு, தன் கணக்கு எங்கே பிசகியது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மனிதரை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

உலக்கையைப் பூண் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வீட்டம்மாள், பூண் முன்னைப்போல இறுக்கமாக இல்லை என்று இன்றும் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்.

போன மாதம் அச்சங்குளத்தில் ஒரு குடோன் வேலை. தம்பி ஜேசிபியில் ஏறி, இன்ஜினைப் போட்டுவிட்டு, எப்போதும்போல என்னைப் பார்த்தான்.

"அக்கா, இங்கன அடியில என்ன இருக்கு?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு, "சுக்கான்தாம்லே, இறங்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். பார்த்திருக்கிறேனா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

"தெரியலைலே" என்றேன்.

அவன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தான்.