நான் வீசிய பந்தும் அந்த ஷீல்டும்

கோவிலம்பாக்கத்தில் ஏரித்தண்ணீர் தெருவுக்குள் ஏறி நின்ற வருஷம், பக்கத்து வீடுகளிலெல்லாம் தரை உப்பிக் கிளம்பியது. நான் கட்டிய வீட்டில் ஒரு டைல்ஸ் அசையவில்லை. அனகாபுத்தூரில், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துக்குள் மூன்று மாடி எழுப்பினேன். லாரி நுழையாது, ஜல்லி முழுக்கத் தலைச்சுமையாகவே போனது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு துண்டு மனையைப் பார்த்து, "இங்கே வீடு வராது" என்று ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில்தான் என் வீட்டைக் கட்டிக் குடியிருக்கிறேன். நான் மேஸ்திரி, ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. படித்திருந்தால் நானும் வராது என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

கடைசியாக, அறுபத்தெட்டு வயதில், மாற்றி வைத்த முழங்காலோடு, அமெரிக்காக்காரன் ஆடும் ஃபுட்பால் வீடியோ கேமில் பாஸ் எறியக் கற்றுக்கொண்டு, என் மாப்பிள்ளைக்கு ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் மூன்றையும் ஊர் ஒத்துக்கொள்கிறது. நான்காவதில்தான் தகராறு. ஷீல்டில் இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டும் என்னுடையது இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும் என்னைச் சைட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லி ஹாலில் உட்கார வைத்தார்கள். ஹாலில் ஏற்கெனவே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெரிய படிப்பு, பெரிய ஆபீஸ். அந்த ஆபீஸின் சென்னைக் கிளைக்கும் அமெரிக்கக் கிளைக்கும் இந்த கேமில் போட்டி. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர்; முதல் பாதியை ஒருவர் ஆட வேண்டும், மறுபாதியை மற்றவர். மாப்பிள்ளையும் அவரோடு வேலை செய்யும் ஒரு நண்பரும் சென்னையின் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி, நமக்குச் சனிக்கிழமை காலை, இட்லி வேகும் நேரம்.

ஆட்டம் என்னவென்றால், பந்துக்கும் காலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனாலும் பெயர் ஃபுட்பால். படித்தவர்கள் வைத்த பெயர், நான் என்ன சொல்ல? நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முப்பது அடி, ஒரு நல்ல ஹாலும் அடுப்படியும் சேர்ந்த நீளம். ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நிற்பான். நம்முடைய ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒவ்வொருவன் தலைக்கு மேலும் ஒரு பட்டனின் அடையாளம். எந்தப் பட்டனை அமுக்குகிறோமோ அவனுக்குப் பந்து போகும். இதுதான் பாஸ்.

மாப்பிள்ளை பாஸ் எறியும் அழகை இரண்டு வாரம் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"இன்னா மாப்ளே, அவன் ஓடிகினே கீறான், நீங்க பாத்துகினே கீறீங்க?"

"வெயிட் பண்ணுங்க மாமா. அவன் ஃப்ரீ ஆகட்டும்."

அதற்குள் எதிர்ப்பக்கத்துத் தடியர்கள் நான்கு பேர் வந்து, பந்தை வைத்திருந்த நம் ஆளைப் புல்லோடு சேர்த்துத் தேய்த்தார்கள்.

"ஃப்ரீ ஆயிட்டாரு மாப்ளே," என்றேன்.

அடுப்படியிலிருந்து மகள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "வெளிய உக்காந்து பாக்க ஈசியாதான் மாமா இருக்கும்," என்றார். மூன்று மாடி எழுப்பியவனிடம் சொல்லும் பேச்சா இது? அன்றைக்கே முடிவு செய்தேன்.

வாரநாளில் அவர் ஆபீஸ் போனதும் கேம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் எறிந்த பந்தையெல்லாம் எதிராளிதான் பிடித்தான். மகள் மத்தியானம் வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நீ யாரு டீம்?"

"நீலச் சட்டை."

"அப்புறம் ஏன் வெள்ளைச் சட்டைக்கே போட்டுக் குடுக்குற?"

தப்பு என் கட்டைவிரலில் இருந்தது. பட்டனைத் தொட்டு விட்டால் பந்து உயரே வளைந்து போகும்; அழுத்திப் பிடித்தால் நேராகப் பாயும். மகள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் செங்கல்லைக் கீழிருந்து மேல்மாடிக்கு வீசிப் பழகினவன், எதையும் வளைத்துத்தான் வீசுவான். கல் உயரே போய், திரும்பி விழுவதற்கு முன்னால் ஒரு கண்ணிமைப்பு நேரம் நிற்கும். சாரத்தில் நிற்பவன் அப்போது கையை வைத்து எடுத்துக்கொள்வான். நேராக அடித்தால் அவன் விரல் போய்விடும். நாற்பது வருஷம் அந்தப் பயத்திலேயே வீசியவனுக்கு, பட்டனை அழுத்த மனம் வருமா? தொட்டுத் தொட்டு விட்டேன். பந்து ஆகாயத்தில் அழகாக நின்றது. நின்ற நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் நிதானமாக நடந்து வந்து எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள், எதிர்மனையில் தளம் போட்டார்கள். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். வரிசையாக ஆட்கள் நின்று, கான்கிரீட் அள்ளும் இரும்புச் சட்டிகளை, பாண்டு என்போம், கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாண்டு வளைந்து போகாது, தட்டையாகப் போகும். அடுத்தவள் காலிப் பாண்டைக் கீழே விட்டுத் திரும்பும் முன்பே, இவள் கையிலிருந்து நிறைந்தது கிளம்பிவிடும். அவள் திரும்பும்போது அது கையில் இருக்கும். அவள் திரும்பிக் கையை நீட்டட்டும் என்று காத்திருந்தால் வரிசையே நின்றுபோகும்.

மாப்பிள்ளையின் நோய்க்கும் என் நோய்க்கும் ஒரே ஜன்னலில் மருந்து கிடைத்துவிட்டது. கிட்டத்தில் இருக்கும் ஆளுக்குப் பாண்டு: பட்டனை அழுத்திப் பிடி, அவன் திரும்பும் முன்பே அனுப்பு. தூரத்தில் ஓடுகிறவனுக்குச் செங்கல்: தொட்டு விடு, அவன் நிற்கும் இடத்துக்கு இல்லை, வந்து சேரும் இடத்துக்கு. எதைப் போடுவது என்று, ஆட்டம் கிளம்பும் முன் எதிரியின் கடைசி வரிசையைப் பார்த்தாலே தெரியும். பின்னால் இரண்டு காவல் நின்றால் நடுவில் பாண்டு. ஒருவன் மட்டும் நின்றால் ஓரமாகச் செங்கல். இந்த ஒரு விஷயத்துக்கு மாப்பிள்ளை மணிக்கணக்காக இங்கிலீஷ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் போட்டி வந்தது. மாப்பிள்ளை முதல் பாதியில் ஓடுகிறவன் ஃப்ரீ ஆகட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, நான்கு பாயிண்ட் பின்தங்கி முடித்தார். மறுபாதி நண்பருடையது. அவர் மணி எட்டரைக்கும் வந்து சேரவில்லை. மாப்பிள்ளை போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"மச்சான், எங்கடா இருக்க?"

"காதுகுத்துடா. நேத்தே முடிஞ்சிரும்னு நெனச்சேன். நான்தான் தாய்மாமன், குழந்தை என் மடியில உக்காந்தாதான் ஆசாரி ஊசியையே எடுப்பாராம்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"மொட்டையே இன்னும் அடிக்கலடா."

மாப்பிள்ளை கன்ட்ரோலரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மகள்தான் சொன்னாள்: "ஏங்க, அப்பாகிட்ட குடுங்க. பகல் பூரா அதத்தான் ஆடிட்டு இருக்காரு."

மாப்பிள்ளை என்னை நண்பரின் பெயரிலேயே ஆட்டத்துக்குள் நுழைத்துவிட்டார். கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டேன். பாண்டு, பாண்டு, பாண்டு. பத்து கஜம், மறுபடி பத்து கஜம். அமெரிக்காக்காரர்கள் உஷாரானார்கள், எல்லோரையும் முன்னால் கொண்டுவந்து நெருக்கி நிறுத்தினார்கள். பின்னால் ஒரே ஒரு காவல். ஆட்டம் முடியச் சில விநாடிகள்.

"மாமா, கிட்டயே போடுங்க, கிட்டயே போடுங்க!"

"சும்மா குந்துங்க மாப்ளே."

வலது ஓரத்தில் ஓடுகிறவன் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. பட்டனைத் தொட்டு விட்டேன். பந்து உயரே போய் நின்றது. அது கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய இடத்தில் அவன் கை இருந்தது. ஆறு பாயிண்ட், ஜெயித்துவிட்டோம்.

மாப்பிள்ளை எழுந்து குதித்தார். என் மாற்று முழங்காலில் இடித்துக்கொண்டார். இட்லி ஆறிப்போயிருந்தது, அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ஷீல்டு வந்தது, கண்ணாடியில். கூடவே நண்பரும் வந்தார். முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "லாஸ்ட் பாஸ் பாத்தீங்களா அங்கிள்? ஆபீஸே அதைத்தான் பேசுது. இதுக்கெல்லாம் ஒரு டைமிங் வேணும்."

"வேணும் தம்பி," என்றேன். "குழந்தைக்குக் காது ஆறிடுச்சா?"

மாப்பிள்ளை மின்விசிறியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

நண்பர் போனபிறகு, என் பெயர் ஏன் வெளியே வரவில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். வெளியாள் ஆடியது தெரிந்தால் ஷீல்டைத் திரும்ப வாங்கிவிடுவார்களாம். நியாயம். அதனால்தான் இதை ஒருவர் பெயரும் போடாமல் எழுதியிருக்கிறேன். ஆபீஸுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் ஷீல்டு இருப்பது ஆபீஸில் இல்லை. நான் பூசிய சுவரில், நான் அடித்த ஆணியில், என் வீட்டு ஹாலில் இருக்கிறது.

ஆகவே மாப்பிள்ளைக்குத் தெரிவிப்பது: அந்த இரண்டு பெயருக்கும் கீழே ஒரு விரல் இடம் காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். "மறுபாதி ஆடியது மேஸ்திரி" என்று எழுத வேண்டும். அடைமொழி வேண்டாம். எனாமல் பெயிண்டும் மெல்லிய பிரஷும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையால், மகள் பார்க்க. அதுவரை கன்ட்ரோலர் என்னிடம் இருக்கும். சனிக்கிழமை அமெரிக்காக்காரன் கேட்டால், வீட்டில் காதுகுத்து என்று சொல்லிக்கொள்ளுங்கள்.