பிரசவ அறை ஜன்னலில் வாய்மூடி ஜெபித்தோம்

பிரியமானவர்களே, சுமித்ரா பிழைக்க மாட்டாள் என்றே அன்று நினைத்தேன்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தாம்பரம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ அறை. சுமித்ராவின் கணவன் பம்மலில் தோல் பட்டறைத் தொழிலாளி. ஒடிசாக்காரர்கள். தாய், மாமியார் யாரும் இங்கே இல்லை. அப்படிப்பட்ட பெண்களுக்குப் பிரசவத் துணையாகப் போவது எங்கள் சபைப் பெண்கள் செய்யும் ஊழியம். கையைப் பிடித்துக்கொள்வோம், இடுப்பைத் தேய்த்துவிடுவோம், மூச்சு விடச் சொல்லித் தருவோம். நான் பிரசவத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவள். பெற்றது ஒன்றே ஒன்று, அதுவும் மயக்க ஊசியில்.

சுமித்ராவின் முதல் குழந்தை பிறந்தபோதே இறந்துவிட்டது. அந்தப் பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்தவள் மதியம் ஆகியும் விடவில்லை. நான் படித்ததை அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒடியா இல்லை.

நர்ஸ் சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னாக்கா, பிரஷர் ஏறிகினே கீது. கொழந்த துடிப்பும் கொறையுது. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்னு டாக்டர் சொல்றாங்க. கொழந்த எறங்கலன்னா ஆபரேஷன்தான். அதுக்கும் இவ்ளோ பிரஷர் ஆவாது."

மெர்சி அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் ஜெபக்குழுத் தலைவி. ஷேர் ஆட்டோ பிடித்து மூன்று பேராக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். எங்கள் சபையில் மெதுவாக ஜெபித்தால் விசுவாசம் போதவில்லை என்று பொருள். மூவரும் கதறி அழுது ஜெபித்தார்கள். நானும் சுமித்ராவின் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். ஏதோ கேட்டு அலறினாள். வெளியே நின்ற கணவனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். பிறகு அவன் என்னிடம் பேசினான்.

"ஆன்ட்டி, புள்ள செத்துப்போச்சான்னு கேக்குது. எங்க ஊர்ல யாராச்சும் செத்தாதான் லேடீஸ் இப்டி கூடி அழும்."

ஜன்னலுக்கு ஓடினேன்.

"அக்கா, நிறுத்துங்க. நம்ம அழுகையக் கேட்டுத்தான் பயப்படுறா."

"ஜெபத்த நிறுத்தச் சொல்றியா கிரேஸு? யாரு பேசுறா உன் வாயில?"

"ஜெபிங்கக்கா. சத்தம் மட்டும் வேணாம்."

"எனக்கு அப்டி வராதேடி."

அப்படிச் சொன்னவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். அன்று நான் கண்ட முதல் அற்புதம் அதுதான்.

ஆண்டவரே, இவள் பயத்தை எடுத்துப் போடும், எனக்கு வழி தெரியவில்லை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அப்போதுதான் தோன்றியது. குழந்தையின் துடிப்பு கேட்கும் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். சிஸ்டர் முறைத்தார், ஆனால் கூட்டினார்.

தடக் தடக் என்று அறை முழுக்கக் கேட்டது. சுமித்ரா அசையாமல் கேட்டாள். வயிற்றைக் காட்டி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கம்பியை விட்டு என் கையைப் பிடித்தாள். நான் விட்ட மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டாள். பிரஷர் மெல்ல மெல்ல இறங்கியது. துடிப்பும் சீரானது. பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் இல்லாமலே பெண் குழந்தை பிறந்தது. அது அழுததும் ஜன்னலுக்கு வெளியே மூன்று பேருக்கும் அணை உடைந்தது. இந்த முறை சுமித்ரா சிரித்தாள்.

ஆண்டவருக்கு நன்றி. அவர் செவிடர் இல்லை என்பதை இத்தனை வருட ஊழியத்துக்குப் பிறகுதான் நம்பினேன். இப்போதெல்லாம் ஜெபிக்கலாமா என்று அந்தப் பெண்ணிடமே முதலில் கேட்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டினால் இடுப்பைத் தேய்த்தபடி மனதுக்குள் ஜெபிக்கிறேன். அதுவும் அவருக்குக் கேட்கிறது.

உங்களிலும் ஒரு பெரும் பயத்தோடு யாராவது இருக்கலாம். அவரிடம் சொல்லுங்கள், உதடு அசையாவிட்டாலும் பரவாயில்லை. எங்களோடு துணைக்கு வரவும் ஆள் தேவை. உரக்க ஜெபிக்கத் தெரியாது என்று கூச்சப்படுகிற சகோதரிகள் முதலில் வாருங்கள்.