ஒரு வெள்ளி பாக்கி

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள், இதை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். லாரி பழுதாகி நின்ற மாதம், காம்பார் ஊரில் தங்கிப் படிக்கும் மகள் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் சாமான் வாங்கும் சூப்பர்மார்க்கெட்டில் அதைக் காட்டினால் போதும். பணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம், வட்டி இல்லை. அரிசி, எண்ணெய், பால்மாவு எல்லாம் வாங்கினேன். இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டினேன். மூன்றாவதில் ஒரு ரிங்கிட்டை, எங்கள் பேச்சில் ஒரு வெள்ளியை, விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டினேன்.

மறந்துபோய் விடவில்லை. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான். சம்பளத்தன்று அப்பா கடைக் கணக்கைக் கட்டும்போது கொஞ்சம் பாக்கி வைப்பார். முழுசாகத் தீர்த்தால் "இனி உன் கடைக்கு வரமாட்டேன்" என்று சொன்ன மாதிரி. கடைக்காரரும் அதைக் கேட்கமாட்டார். அடுத்த மாதமும் அரிசி வேண்டுமே என்றுதான் நானும் விட்டேன். அதன்பிறகு போனில் சிவப்பாக ஏதேதோ வந்தது. விளம்பரம் என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த மாதம் வீட்டுக்காரர் சம்பளம் தள்ளிப்போனது. வீட்டில் அரிசி இல்லை. தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு போய் போனை நீட்டினேன்.

"அக்கா, போகமாட்டேங்குதுலா," என்றாள் கல்லாவில் இருந்த பெண். "உங்க கணக்கப் பூட்டிட்டாங்க. கேஷ் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"என்னாக்கா, போனுக்குச் சாமி வந்துருச்சா? மலையேறட்டும், அதுக்குள்ள எங்களயாவது விடுங்க," என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வண்டியை ஓரமாகத் தள்ளிப்போய் மகளைப் போனில் கூப்பிட்டேன். அவள் அங்கிருந்தே என் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"ஒரு வெள்ளிய ஏம்மா விட்டீங்க?"

"முழுசா கட்டிட்டா உறவு விட்டுப்போயிரும்லா. அப்புறம் குடுப்பாங்களா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, அங்க ஆளே இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு என்னா உறவு? ஒரு வெள்ளிக்குப் பத்து வெள்ளி அபராதம் போட்டிருக்கு. முழுசா தீர்த்தாதான் திரும்பக் குடுக்கும்."

திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கடனே இல்லாதவருக்குத்தான் கடன் தருவார்களாம். பாக்கி வைத்தால் திரும்பி வருவாள் என்று தோட்டத்துக் கடையில் நம்பினார்கள். இங்கே ஓடிவிடுவாள் என்கிறார்கள். ஆளே இல்லை என்றால் யார் என்னைச் சந்தேகப்பட்டது? கேட்டால் மகள் திட்டுவாள் என்று கேட்கவில்லை.

சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்த அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன். வீட்டில் இருந்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டேன்.

மறுநாள் மகள் தன் பணத்தில் பதினொரு வெள்ளி கட்டினாள். மத்தியானம் கணக்கு திறந்தது, ஆனால் முன்பு கொடுத்த கடனில் பாதிக்குத்தான். அரிசியும் எண்ணெயும் வாங்கினேன். பால்மாவு வாங்கவில்லை.